பேய்ப் படத்தில் தெரிந்த பாட்டா, புது பிஜிஎம்மா?

போன மாதம் ஒரு தம்பி பன்னிரண்டு நிமிடக் குறும்படத்தின் முதல் எடிட்டை அனுப்பியிருந்தான். பேய்க் கதை. நள்ளிரவு, ஆளில்லாத வீடு, சமையலறை அலமாரி மேல் இருக்கும் பழைய ரேடியோ தானாகப் பாட ஆரம்பிக்கிறது. பாடுவது எல்லோருக்கும் தெரிந்த எழுபதுகளின் காதல் பாட்டு. "அண்ணா, இதையே வச்சுக்கட்டுமா, இல்ல நம்ம பையன் ஒருத்தன் கீபோர்டு வாசிப்பான், அவனை வச்சுப் புதுசா போடட்டுமா?" என்று கேட்டிருந்தான். இரண்டு வரியில் பதில் போட்டுவிடலாம் என்று உட்கார்ந்தேன், முடியவில்லை. இதே கேள்வியோடு முன்பும் இரண்டு மூன்று பேர் வந்திருக்கிறார்கள், அதனால் மொத்தமாகவே எழுதிவிடுகிறேன்.

## எதை வைத்து முடிவு செய்வது

நான் முதலில் பார்ப்பது, அந்த இசை யார் காதில் விழுகிறது என்பதை. படத்துக்குள் இருக்கிறவளுக்கும் கேட்கிறதா, பார்க்கிற நமக்கு மட்டுமா? ரேடியோவில் பாடினால் அவளுக்கும் கேட்கும், எழுந்து வந்து அணைப்பாள், அணைத்த பிறகும் பாடினால் கதையே மாறிவிடும். வயலின் இழுத்தால் அவளுக்குக் கேட்காது. அவள் முதுகுக்குப் பின்னால் யாரோ நம்மிடம் மட்டும் கிசுகிசுக்கிற மாதிரி அது.

அடுத்து, பயம் எப்போது வர வேண்டும்: அந்த நொடியிலா, வீட்டுக்குப் போய்ப் படுத்த பிறகா? ஒரு ஷாட்டை இரண்டு நொடி நீட்டினால் இசையும் கூட நீளுமா? எத்தனை பேரிடம் கையெழுத்து வாங்க வேண்டும், எவ்வளவு ஆகும்? அப்புறம் யாருமே கேட்காத ஒன்று: விழாவில் ஓடி முடித்து, யூடியூபுக்கோ ஓடிடிக்கோ போகும்போது இந்த இசை உங்களோடு வருமா?

## தெரிந்த பாட்டைப் போடுவது

ஜான் லாண்டிஸ் எடுத்த 'ஆன் அமெரிக்கன் வேர்வுல்ஃப் இன் லண்டன்' 1981-ல் வந்தது. அதில் அந்தப் பையன் ஓநாயாக மாறும் காட்சியைப் பாருங்கள். இருட்டு கிடையாது, புகை கிடையாது, பளிச்சென்று விளக்கு எரியும் வீட்டுக் கூடம். கை கண் முன்னால் நீள்கிறது, முதுகெலும்பு தோலைத் தூக்கிக்கொண்டு எழுகிறது, அவன் கத்துகிறான். கூடவே சாம் குக் 'ப்ளூ மூன்' பாடிக்கொண்டிருக்கிறார், குழந்தையைத் தூங்க வைக்கிற நிதானத்தில். அவன் வலி அந்தப் பாட்டுக்கு ஒரு பொருட்டே இல்லை. அதுதான் வயிற்றைப் பிசைகிறது. பயமுறுத்தும் இசை போட்டிருந்தால் நமக்கு ஒரு துணை கிடைத்திருக்கும், "ஆமாம், இது பயங்கரம்தான்" என்று இசையும் நம்மோடு சேர்ந்து சொல்லியிருக்கும். இங்கே அந்தத் துணையும் இல்லை.

அந்தப் படத்தில் 'ப்ளூ மூன்' மட்டும் மூன்று பேர் குரலில் வருகிறது, ஆரம்பத்தில் பாபி விண்டன், நடுவில் சாம் குக், கடைசியில் மார்செல்ஸ் குழு. மற்ற பாட்டுகளும் நிலாப் பாட்டுகள்தான். ஒரு கடி ஜோக்கை எடுத்து முழுப் படத்துக்கும் இழுத்திருக்கிறார் என்று வையுங்கள். யார் காதில் விழுகிறது என்ற என் கேள்விக்கு இந்தப் படம் அடங்காது என்பதையும் சொல்லிவிடுகிறேன், அந்தக் கூடத்தில் ரேடியோவோ ரெக்கார்டு பிளேயரோ ஓடவில்லை.

அடங்குகிற படம் ஜேம்ஸ் வானின் 'இன்சிடியஸ்'. குப்பையைப் போட வெளியே வந்த அம்மா ஜன்னல் வழியாக உள்ளே பார்க்கிறாள். டைனி டிம் 1968-ல் கீச்சுக் குரலில் பாடிய டியூலிப் பூப் பாட்டு உள்ளே ஓடுகிறது, ஒரு பையன் அதற்கு ஆடிக்கொண்டிருக்கிறான். அந்த வீட்டில் அப்படி ஒரு பையன் இல்லை. பாட்டு அவள் காதில் விழுகிறது, அதைப் போட்டது அவள் இல்லை. இந்த இரண்டு விஷயம் போதும், வேறு சத்தமே தேவைப்படவில்லை. அந்தப் பாட்டை முன்பு வேடிக்கைப் பாட்டாகக் கேட்டுச் சிரித்தவர்களால் அதற்குப் பிறகு அப்படிச் சிரிக்க முடிந்திருக்காது. பாட்டின் பெரிய பலமே இதுதான், அது தியேட்டரோடு நின்றுவிடுவதில்லை. பத்து வருடம் கழித்து எங்கேயோ டீக்கடையில் ஓடினாலும் முதுகு சில்லிடும்.

ஜோர்டன் பீல் 'அஸ்' படத்தில் (2019) இதையே இரண்டு தவணையாகச் செய்தார். லூனிஸ் குழுவின் 1995 ஹிட் பாட்டு முதலில் காரில் குடும்பமாகப் போகும்போது ஓடுகிறது, எல்லோரும் தலையாட்டுகிறார்கள். அதே பாட்டைப் பின்னால் மெதுவாக்கி, தந்திக் கருவிகளில் கிழித்துப் போடுகிறார்கள். அந்த மெதுவான வடிவம் டிரெய்லருக்காக வந்தது, கேட்டவர்களுக்குப் பிடித்துப்போனதால்தான் படத்துக்குள்ளும் போனது. முதலில் பாட்டு நம்முடையதாக இருக்கிறது, அப்புறம் பறிபோகிறது.

இதையெல்லாம் பார்த்துவிட்டு ஆசைப்படுவது சுலபம். கணக்கைப் பாருங்கள்.

ஒரு பாட்டின் உரிமைக்கு இரண்டு பூட்டு. மெட்டும் வரியும் ஒரு பூட்டு, நீங்கள் கேட்கிற அந்தக் குறிப்பிட்ட ஒலிப்பதிவு இன்னொரு பூட்டு, சாவி பல சமயம் வெவ்வேறு ஆட்களிடம் இருக்கும். நீங்களே ஒரு பாடகியை வைத்துப் பாட வைத்தால் இரண்டாவது பூட்டு போகும், முதலாவது அப்படியே இருக்கும். நாயகி பாத்திரம் கழுவிக்கொண்டே முணுமுணுத்தாலும் அதே கதைதான். வெளிநாட்டு ஒப்பந்தங்களில் இன்னொரு வழக்கம் உண்டு, ஒரு தரப்புக்கு எவ்வளவு கொடுத்தீர்களோ அதே அளவு மற்ற தரப்புக்கும் கொடுக்க வேண்டும் என்று எழுதிவிடுவார்கள். ஒருவரிடம் கெஞ்சிக் குறைத்துவிட்டோம் என்று நினைக்கும்போது மற்றவர் ஏற்றிவிடுவார், முதல் ஆளுக்கும் சேர்த்து ஏறும்.

"பழைய பாட்டுதானே, யார் கேட்கப் போகிறார்கள்" என்பவர்களுக்கு ஒரு உதாரணம். 1963-ல் வந்த 'நெஞ்சம் மறப்பதில்லை' படத்தின் அதே பெயர்ப் பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். நம் சட்டத்தில் ஒலிப்பதிவுக்கு 60 ஆண்டு பாதுகாப்பு, வெளியானதற்கு அடுத்த ஆண்டிலிருந்து எண்ண வேண்டும், அது 2023-ஓடு முடிகிறது. அப்பாடா என்று மூச்சு விடாதீர்கள். வரிக்கும் மெட்டுக்கும் கணக்கு வேறு, படைத்தவர் காலமான பிறகு 60 ஆண்டு. கண்ணதாசன் மறைந்தது 1981, ஆக வரிகளுக்கு 2041 வரை. மெட்டுப் போட்ட இருவரில் எம்.எஸ்.விஸ்வநாதன் 2015 வரை இருந்தார், ஆக மெட்டுக்கு 2075 வரை. பத்து நொடிக்குள் போட்டால் பிரச்சினை இல்லை என்பதும், 'உரிமையாளருக்கு நன்றி' என்று கார்டு போட்டால் போதும் என்பதும் சும்மா வாய்ப்பேச்சு. அப்படி எந்தச் சட்டமும் இல்லை. யூடியூபில் ஏற்றினால் மனிதர் யாரும் பார்க்காமலேயே இயந்திரம் கண்டுபிடித்துவிடும்.

விழாக்களுக்கு மட்டும் என்று குறைந்த தொகைக்கு அனுமதி வாங்குகிறவர்கள் உண்டு. தப்பில்லை. ஆனால் படம் நன்றாகப் போய் யாராவது வாங்க வந்தால் திரும்ப அதே கதவைத் தட்ட வேண்டும், அப்போது விலை சொல்கிறவர் கை ஓங்கியிருக்கும்.

என் சொந்தக் கதை ஒன்று. சில வருடம் முன்னால் ஒரு குறும்படத்தில், எடிட்டில் தற்காலிகமாக இருக்கட்டும் என்று ஒரு பழைய பாட்டைப் போட்டோம். அதன் இடையிசையில் வீணையில் சின்னதாக ஒரு சுழிப்பு வரும். கதவுத் தாழ்ப்பாள் தானாகத் தூக்கும் ஷாட்டைச் சரியாக அந்தச் சுழிப்பில் வெட்டி வைத்தேன். பார்த்தவர்கள் எல்லோரும் அந்த இடத்தில் 'ஆ' என்றார்கள். உரிமை கேட்டு எழுதி, இரண்டு மாதம் கழித்துப் பதில் வந்தது. சொன்ன தொகை படத்தின் மொத்தச் செலவைவிட அதிகம். பாட்டை எடுத்தோம். எடுத்ததும் அந்தத் தாழ்ப்பாள் காரணமே இல்லாமல் தூக்கிக்கொண்டு நின்றது. முன்னும் பின்னுமாக நாற்பது நொடியைப் பிரித்துத் திரும்பக் கட்ட வேண்டியிருந்தது, அதற்குப் பிறகு இசையமைப்பாளர் எதை அனுப்பினாலும் எங்கள் காது அந்த வீணையைத் தேடியதே தவிர அவர் போட்டதைக் கேட்கவில்லை. பாவம், அவர் மேல் ஒரு தப்பும் இல்லை.

## புதிதாக பிஜிஎம் போடுவது

பின்னணி இசைக்கு முன்கதை கிடையாது. படம் சொல்லிக் கொடுப்பது மட்டும்தான் அதற்குத் தெரியும், அதனால் படத்துக்கு விசுவாசமாக இருக்கும்.

சுறாப் படமான 'ஜாஸ்' (1975) இதற்கு நல்ல பாடம். ஜான் வில்லியம்ஸின் அந்த இரண்டு சுரம் எல்லோருக்கும் தெரியும். இயந்திரச் சுறா அடிக்கடி மக்கர் பண்ணியதால் பாதிப் படத்துக்கு அந்த இரண்டு சுரமே சுறாவாக நடித்தது. இதில் நான் திரும்பத் திரும்பப் பார்க்கிற இடம் ஒன்று உண்டு: இரண்டு பையன்கள் அட்டையில் செய்த சுறாத் துடுப்பை மாட்டிக்கொண்டு கடற்கரையில் எல்லோரையும் ஓட விடும் காட்சி. அங்கே இசை கிடையாது. சுறா இல்லை என்பதால் இசையும் இல்லை, படம் நம்மிடம் பொய் சொல்லவில்லை. இப்படி ஒரு நம்பிக்கையைக் கட்டிவிட்டால் அப்புறம் அதை உடைக்கவும் முடியும். வெளியிலிருந்து கொண்டு வந்த பாட்டால் இவ்வளவு நுணுக்கமாகக் கணக்கு வைக்க முடியாது.

காசு இல்லாதவர்கள் பார்க்க வேண்டியது ஜான் கார்பெண்டரின் 'ஹாலோவீன்' (1978). இயக்குநரே மூன்று நாளில் இசையை முடித்தார். இசையில்லாமல் படத்தைப் பார்த்த ஒரு ஸ்டூடியோ அதிகாரிக்குப் பயமே வரவில்லை என்று அவரே சொல்லியிருக்கிறார். பியானோவில் ஓடும் அந்த மெட்டு ஐந்து எண்ணிக்கையில் போகிறது, சின்ன வயதில் அப்பா போங்கோவில் சொல்லிக் கொடுத்த தாளம். நமக்கு அது புதுசா? தகதகிட, தகதகிட, கண்ட நடை. கச்சேரியில் கேட்டால் துள்ளலாக இருக்கும். ஆனால் நாலு நாலாகவே எண்ணிப் பழகிய காதுக்கு ஒவ்வொரு சுற்றிலும் ஒரு கால் தரையில் படாத மாதிரி இருக்கும், சாய்ந்து உட்கார விடாது. கீபோர்டு ஒன்று, யோசனை ஒன்று, செலவு அவ்வளவுதான்.

'சைக்கோ'வில் (1960) பெர்னார்ட் ஹெர்மன் தந்திக் கருவிகளை மட்டும் வைத்துக்கொண்டார். குளியலறைக் காட்சிக்கு இசையே வேண்டாம் என்றுதான் ஹிட்ச்காக் சொல்லியிருந்தார், ஹெர்மன் கேட்காமல் எழுதி வந்து காட்டினார், மனிதர் மனம் மாறினார். இயக்குநர் சொன்னதை அப்படியே செய்யாத இசையமைப்பாளர் கிடைப்பது ஒரு கொடுப்பினை.

எடிட்டோடு வளைவதில் புது இசைக்கு நிகரே இல்லை. அரை நொடி தள்ளச் சொன்னால் தள்ளும். பல்லவி முடிய வேண்டும், சரணம் தொடங்க வேண்டும் என்ற பிடிவாதம் அதற்கு இல்லை.

மறைந்திருக்கும் செலவு இதிலும் உண்டு, ஆனால் காசாக வராது. முதலாவது, இசை முந்திக்கொண்டு சொல்லிவிடுவது. கதவு திறப்பதற்கு மூன்று நொடி முன்பே கீழே 'ம்ம்ம்' என்று ஓர் உறுமல் ஏறும், பார்க்கிறவன் விரலைக் காதில் வைத்துக்கொள்வான், பேய் வரும்போது பாதி பயம் செலவாகியிருக்கும். இரண்டாவது, சத்தத்தைப் பயம் என்று நினைத்துக்கொள்வது. திடுக்கிடுவது வேறு, பயப்படுவது வேறு, காதுக்குப் பக்கத்தில் தட்டைப் போட்டாலும் திடுக்கிடுவோம். மூன்றாவது, எல்லோரும் ஒரே சாம்பிள் தொகுப்பிலிருந்து எடுக்கும் வயலின் கீறல். அதைக் கேட்டதுமே வேறு படத்துக்குள் போய்விட்ட மாதிரி இருக்கும். அப்புறம், ரீ-ரெக்கார்டிங்குக்கு, அதாவது படத்துக்குப் பின்னணி இசை சேர்க்கிற வேலைக்கு, கடைசி ஒரு வாரம்தான் மிச்சம் வைப்பது. இது நம் ஊர் வியாதி, இதற்கு மருந்தே இல்லை.

நண்பன்தானே என்று எழுத்தில் எதுவும் வாங்காமல் விடாதீர்கள். எந்தெந்த இடத்தில் படத்தைக் காட்டலாம், இசையை யார் தனியாக வெளியிடலாம் என்பதை ஒரு பக்கத்தில் எழுதிக் கையெழுத்து வாங்கிவிடுங்கள். பதிப்புரிமைச் சட்டத்தின் 2012 திருத்தத்துக்குப் பிறகு, படத்தில் வரும் இசையும் வரியும் திரையரங்குக்கு வெளியே பயன்படும்போது அதற்கான ராயல்டி பங்கை எழுதியவர் விட்டுக்கொடுக்கவே முடியாது. "எல்லாம் எனக்கே" என்று எழுதி வாங்கினாலும் அந்த இடத்தில் செல்லாது.

## இரண்டுக்கும் நடுவில் உள்ளவை

இது 'அல்லது' போட்டுக் கேட்கும் கேள்வியே இல்லை என்று எனக்குத் தோன்றுவது இங்கேதான்.

'தி எக்ஸார்சிஸ்ட்' (1973) படத்துக்கு லாலோ ஷிஃப்ரின் எழுதிய இசையை இயக்குநர் ஃப்ரீட்கின் தூக்கிப் போட்டுவிட்டு, அதே வருடம் வந்த மைக் ஓல்ட்ஃபீல்டின் 'டியூபுலர் பெல்ஸ்' தொகுப்பின் ஆரம்பத்தை எடுத்துக்கொண்டார். பேய்க்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. பதினைந்து எண்ணிக்கையில் சுற்றும் ஒரு பியானோ, தகிட தகதிமி என்று ஏழு, அப்புறம் தகதிமி தகதிமி என்று எட்டு. படத்தில் வருவது கொஞ்ச நேரம்தான், ஆனால் இன்று அதை வேறு எப்படியும் கேட்க முடியவில்லை. இருந்த இசைதான், ஆனால் வரி இல்லை, யாருடைய காதல் நினைவும் அதில் ஒட்டியிருக்கவில்லை, அதனால் பிஜிஎம் மாதிரியே வேலை செய்தது.

நம் பக்கத்தில் நீண்ட நாள் வழக்கம் இன்னொன்று: படத்துக்கென்றே ஒரு பேய்ப் பாட்டைப் புதிதாகப் போடுவது. வெள்ளைப் புடவை, பனி, தூரத்துக் குரல். கேலி செய்வது சுலபம், ஆனால் அதில் ஒரு சாமர்த்தியம் இருக்கிறது. முதல் அரை மணிக்குள் பாட்டை நம் காதில் ஏற்றி, கடைசி அரை மணிக்குள் அதைப் பழைய நினைவாக மாற்றிவிடுவார்கள். தெரிந்த பாட்டுக்கு இருக்கும் பலம், உரிமைத் தொல்லை இல்லாமல். 'மணிச்சித்திரத்தாழ்' (1993) இதில் ஒரு படி மேலே போனது. மலையாளப் படத்தில் நாயகி திடீரென்று தமிழில் பாடுகிறாள், வந்திருப்பது வேறு ஆள் என்பதை அந்த மொழியே சொல்லிவிடுகிறது. அதே கதை 2005-ல் 'சந்திரமுகி'யாகத் தமிழுக்கு வந்தபோது அவள் தெலுங்கில் பாடினாள். பிஜிஎம்மால் இதைச் சொல்லவே முடியாது, அதற்கு மொழி கிடையாது.

கைக்காசு கம்மி என்றால் உரிமைக் காலம் முடிந்தவற்றைப் பாருங்கள். தியாகராஜர் 1847-ல் மறைந்தவர், கீர்த்தனைக்கு யாரிடமும் கேட்க வேண்டாம். புதிதாக ஒருவரைப் பாட வைத்துப் பதிவு செய்துகொண்டால் இரண்டு பூட்டும் இல்லை. பாட்டி பாடும் ஆராரோ ஆரிரரோவுக்கும் அப்படித்தான். தாலாட்டைவிடப் பயங்கரமான ஒன்று கிடையாது, பாடுகிறவள் யார் என்பதை மட்டும் காட்டாதீர்கள். பாரதியார் பாட்டு என்றால் வரிகள் பொதுச்சொத்து, ஆனால் உங்கள் மனதில் ஓடுவது ஏதாவது சினிமா மெட்டாக இருக்கும், அதற்கு ஆள் உண்டு. ஜாக்கிரதை.

தயார் நிலையில் விற்கும் லைப்ரரி இசையும் கேவலம் இல்லை. ஜார்ஜ் ரொமேரோவின் 'நைட் ஆஃப் தி லிவிங் டெட்' (1968) அப்படிப்பட்ட இசையை வைத்துத்தான் ஓடியது.

## எதுவுமே போடாமல் விடுவது

ஹிட்ச்காக்கின் 'தி பேர்ட்ஸ்' (1963) படத்தில் வழக்கமான பின்னணி இசையே இல்லை. டிராட்டோனியம் என்ற மின்கருவியில் உருவாக்கிய பறவைச் சத்தங்கள், நடு நடுவே அமைதி. ஆனால் இதைச் சோம்பேறித்தனமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. இசை இல்லையென்றால் ஃபேன் சத்தம், குழாய்ச் சொட்டு, தெரு நாய் எல்லாம் சுத்தமாகப் பதிவாகியிருக்க வேண்டும், அதற்கு ஒலிப்பதிவாளருக்குச் சம்பளம் கொடுக்க வேண்டும்.

## எப்போது எது

இசை கதைக்குள்ளேயே ஒரு பொருளாக இருந்தால், ரேடியோ, ரிங்டோன், கேசட், கோயில் ஸ்பீக்கர் என்று ஏதாவது ஒன்று கதையைத் தள்ளுகிறது என்றால், பாட்டுதான் சரி. அப்போதும் ஒரே ஒரு பாட்டு, இரண்டு முறை, முதல் முறை சாதாரணமாக. உரிமை கைக்கு வராமல் அந்தக் காட்சியை எடுக்கவே போகாதீர்கள். எடிட்டில் வந்து தேடுவது கல்யாணம் முடிந்து ஜாதகம் பார்க்கிற மாதிரி.

கதையில் எதிரி கண்ணுக்குத் தெரியாமல் இருந்தால், அல்லது எடிட் இன்னும் மாறிக்கொண்டே இருந்தால், பிஜிஎம். படத்தை வெளியூர் விழாக்களுக்கு அனுப்பும் யோசனை இருந்தாலும் அதுவே நல்லது. மதுரையில் ஒரு பாட்டின் முதல் மீட்டலிலேயே சிலிர்ப்பவர்கள் இருப்பார்கள், பெர்லினில் அதே பாட்டு வெறும் பாட்டு.

தம்பியின் படத்துக்கு வருகிறேன். அவனுக்கு ரேடியோ வேண்டும், அந்த எழுபதுகளின் பாட்டு கட்டுப்படியாகாது. கீபோர்டு பையனைக் கூப்பிட்டு அந்தக் காலத்து மெட்டு மாதிரி ஒரு புதுப் பாட்டு போடச் சொல், ஒரு பல்லவி போதும், பாடுவதற்கு வயதான குரல் யாராவது பிடி, பதிவு செய்ததை ஒரு சின்ன ஸ்பீக்கரில் ஓட விட்டு, அந்த ஸ்பீக்கரைச் சமையலறை அலமாரி மேல் வைத்து மைக்கில் திரும்பப் பிடி என்று எழுதினேன். நேற்று ராத்திரி பதில் வந்தது. பாட அவன் பெரியம்மாவே ஒத்துக்கொண்டாராம், ஆனால் பாதியில் வரியை மறந்துவிட்டு வெறுமனே முனகியிருக்கிறார். அதை வெட்டட்டுமா என்று கேட்கிறான். வெட்டாதே என்று சொல்லியிருக்கிறேன்.